இஞ்சி அக்கா மாட்டிய சரவிளக்கு

அவளுக்கு அந்தப் பெயர் முகத்தால் வந்ததில்லை. விளக்குக் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள். எல்லோரும் "இஞ்சி அக்கா" என்று கூப்பிடுவதும், அவள் கடுகடுவென்று திரும்பிப் பார்ப்பதும் பொருத்தமாகவே இருக்கும். உண்மையில் அது இஞ்ச். வாயைத் திறந்தால் "எத்தனை இஞ்ச்?" என்றுதான் கேட்பாள். இஞ்ச் அக்கா நாளடைவில் இஞ்சக்கா ஆகி, கடையின் வேன் டிரைவர் புண்ணியத்தில் இஞ்சியாகவே முடிந்துவிட்டது.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் தையல் கடையில் அளவெடுத்தவள். இடுப்பு முப்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டு வருகிறவரைச் சுற்றி டேப்பைப் போட்டால் முப்பத்தாறு காட்டும். சொன்ன அளவுக்குத் தைத்தால் போட முடியாது. எடுத்த அளவுக்குத் தைத்தால், பெரிதாகத் தைத்துவிட்டாய் என்று சண்டைக்கு வருவார்கள். தையல் கடையை மூடியதும், பில் போடும் வேலைக்கு இந்த விளக்குக் கடையில் சேர்ந்தாள். ஒருவர் ஒரே தொங்கு விளக்கை மூன்று தடவை திருப்பிக் கொண்டுவந்தபோது, பொறுக்க முடியாமல் தன் பழைய டேப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். அன்றிலிருந்து பெரிய விளக்கு எது விற்றாலும் அளவெடுக்க அவள்தான் போக வேண்டும் என்றாகிவிட்டது. அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது.

இந்த ஏழு வருஷத்தில் அவள் தெரிந்துகொண்டது ஒன்றுதான். மனிதர்கள் இடுப்பைப் பற்றிப் பொய் சொல்வது போலவே கூரையைப் பற்றியும் சொல்கிறார்கள். இடுப்பைக் குறைத்துச் சொல்வார்கள், கூரையைக் கூட்டிச் சொல்வார்கள்.

பல் டாக்டரம்மாவும் அவள் கணவரும் கடைக்கு வந்தபோது, கணவர் சொன்ன உயரம் முப்பதடி. அவர் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். புது வீடு கட்டி முடித்திருந்தார்கள். மாடிப்படி மூன்று பக்கமும் சுற்றி ஏற, நடுவில் கூரைவரை வெறும் வெளி. அங்கே ஒரு சாண்ட்லியர், அதாவது கண்ணாடிச் சரவிளக்கு, தொங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

"இதே மாதிரி வேணும்."

"இது எங்க எடுத்தது சார்?"

"ஒரு ஹோட்டல். லாபியில."

"அந்த லாபியில படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "படிக்கட்டு இல்ல. லிஃப்டுதான்."

டாக்டரம்மா வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

வீட்டில் போய் அளந்தபோது உயரம் இருபத்து நாலடி இரண்டு அங்குலம். நடுவெளியின் அகலம் அறுபத்திரண்டு அங்குலம். அவள் வைத்திருந்த விதி எளிமையானது. படிக்கட்டுக்கு நடுவே தொங்கும் விளக்கு, நடுவெளியில் பாதிக்குமேல் அகலமாக இருக்கக்கூடாது. மீறினால், கை நீட்டும்போது எட்டும், கட்டில் தூக்கிக்கொண்டு ஏறினால் இடிக்கும், குழந்தை கம்பி மேல் சாய்ந்தால் கண்ணாடி கன்னத்தில் படும். ஆகவே முப்பது அங்குலம். மேனேஜர் கேட்டது நாற்பத்து நான்கு.

வாங்குகிறவர்களிடம் அளவை எண்ணாகச் சொன்னால் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளையமாக்கி, பழைய போர்வையைச் சுற்றி, கயிறு கட்டி நடுவெளியில் தொங்கவிட்டுக் காட்டுவாள். முதலில் நாற்பத்து நான்கு அங்குல வளையத்தைத் தொங்கவிட்டாள். மேனேஜரிடம் ஒரு நாற்காலியைக் கொடுத்து, மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். இரண்டாவது திருப்பத்தில் நாற்காலியின் கால் போர்வையில் மாட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா சார்?"

"நாற்காலிய வேற மாதிரி பிடிச்சிருக்கணும்" என்றார் மேனேஜர்.

அந்த வீட்டுக்கு அவள் ஐந்து தடவை போனாள். ஒருநாள் பொன் நிறம் என்பார்கள், மறுநாள் வெள்ளி. டாக்டரம்மாவுக்குக் கண் கூசக்கூடாது. அவருக்கு வாசலில் நுழைகிறவர்கள் அசந்துபோய் நிற்கவேண்டும். "நிக்கிறதுக்கா படிக்கட்டு, ஏறிப் போறதுக்குத்தானே" என்று டாக்டரம்மா கேட்பாள். உடனே இருவரும் சேர்ந்து இவளைப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்லச் சொல்வது போல. இஞ்சி அக்காவுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. பல் டாக்டர் வீட்டிலா இப்படி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கடைசியில் ஒருவழியாக ஆறு அடுக்கு, முப்பது அங்குலம், வெள்ளி நிறம் என்று முடிவானது. எடை முப்பத்தாறு கிலோ.

"மேல கொக்கி இருக்கா சார்?"

"என் தம்பி கட்டின வீடு இது. தளம் போடும்போதே கம்பியோட சேத்து வச்சுட்டான். யானையவே கட்டித் தொங்கவிடலாம்."

அண்ணாந்து பார்த்தாள். விரல் தடிமனில் கொக்கி ஒன்று தெரிந்தது. நோட்டில் "கொக்கி உண்டு" என்று எழுதிக்கொண்டாள்.

மாட்டுவதாக இருந்த நாள் காலையில் அவள் போனபோது, ஃபிட்டர் சாரம் கட்டி முடித்துப் படியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். பேச்சு அதைவிட ஒல்லி. கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூன்று பெட்டி வரவேண்டும். எண்ணினால் ஆறு இருந்தது. அவள் குனிந்து மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். நாற்பத்து நான்கு அங்குலம், அறுபத்திரண்டு கிலோ.

ஃபிட்டரைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார்.

முதலாளிக்குப் போன் செய்தாள்.

"அவரே கூப்பிட்டுக் கேட்டாரும்மா, அடுத்த சைஸ் இருக்கான்னு" என்றார் முதலாளி. "நம்ம குடோன்ல அது மூணு வருஷமா தூங்குது. தேடி வந்து கேக்கறவர்கிட்ட எப்படி இல்லங்கறது?"

"நான் அஞ்சு தடவ இங்க வந்து போயிருக்கேன் சார்."

"அதனாலதான் தைரியமா அனுப்புனேன். எப்படியாவது மாட்டிடுங்க."

எப்படியாவது. உலகத்திலேயே அவளுக்குப் பிடிக்காத அளவு அதுதான். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மேனேஜர் படி இறங்கி வந்துகொண்டிருந்தார். குற்றம் செய்த முகம்தான், ஆனாலும் அதில் ஒரு மினுமினுப்பு இருந்தது.

"அவ மாடி ரூம்ல இருக்கா. அவகிட்ட இன்னும் சொல்லல" என்றார் மெதுவாக. "மாட்டினதுக்கு அப்புறம் பாத்தா அவளுக்கே பிடிச்சிரும்."

இஞ்சி அக்கா பெட்டியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்: "இவ்வளவு எடைன்னா கொக்கிய சோதிக்காம நான் மாட்ட முடியாது. மணல் மூட்ட கட்டி ஒரு மணி நேரம் தொங்கணும்."

உள்ளதைச் சொன்னால், அது பாதுகாப்பை நினைத்து வந்த வார்த்தை இல்லை. எரிச்சலில் வந்தது. அந்த மினுமினுப்பை ஒரு மணி நேரமாவது காக்க வைக்கவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

எதிரே ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து இருபத்தைந்து கிலோ மணல் மூட்டை மூன்று வந்தது. ஃபிட்டர் சாரத்தில் ஏறிக் கொக்கியில் செயின் பிளாக்கை மாட்டினார். பாரம் தூக்கும் சங்கிலி உருளை அது, பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்பு. பிறகு சாரத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, முதல் திருப்பத்தில் நின்றபடி சங்கிலியை இழுத்தார். மூட்டைகள் தரையிலிருந்து அரையடி உயர்ந்து நின்றன. அவள் சாக்கட்டியால் தரையில் வட்டம் போட்டு, சுற்றிலும் சாப்பாட்டு மேசை நாற்காலிகளை வேலி மாதிரி நிறுத்தினாள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

"தாங்குதே" என்றார் மேனேஜர். "எழுபத்தஞ்சு கிலோ. விளக்கு அறுபத்திரண்டுதானே. போதும், அவுத்துருங்க."

"ஒரு மணி நேரம் சார்."

அவர் தம்பிக்குப் போன் செய்தார். எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார். "சாண்ட்லியர் மாட்டச் சொன்னா மணல் மூட்டய மாட்டி வேடிக்க பாத்துட்டிருக்காங்கடா. ஆமா, உன் கொக்கி மேல சந்தேகமாம். நானும் சொல்லிட்டேன், கேக்கணுமே." போனை வைத்துவிட்டு நடந்தார். உட்கார்ந்தார். மறுபடி நடந்தார். முப்பது நிமிஷம் தாண்டியதும் ஒரு நாற்காலியை நகர்த்தி, வட்டத்தின் குறுக்கே சமையலறைக்குப் போகக் காலெடுத்து வைத்தார்.

இஞ்சி அக்கா கையை நீட்டித் தடுத்தாள். "சுத்திப் போங்க."

"தண்ணி குடிக்கப் போறேம்மா. என் வீட்டுல நான்..."

"சுத்திப் போங்க சார்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாப்பாட்டு அறை வழியாகச் சுற்றிப் போனார்.

முதலில் சத்தமே வரவில்லை. மூட்டையின் மேல் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது, யாரோ மாவு சலிப்பது போல. ஃபிட்டர் சங்கிலியை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "அக்கா" என்றார். அடுத்த நொடி செயின் பிளாக்கும் கொக்கியும் ஒரு தட்டு அகலப் பூச்சுக் கட்டியும் இருபத்து நாலடி இறங்கி வந்தன. மூன்றாம் படியின் விளிம்பு பெயர்ந்தது. தரைக்கல் ஒன்று நெடுக விரிசல் விட்டது. சங்கிலி கடைசியாகச் சரசரவென்று மூட்டைகளின் மேல் சரிந்து அடங்கியது.

சமையலறை வாசலில் மேனேஜர் தண்ணீர் டம்ளரோடு நின்றார். அவர் வாயில் வந்த முதல் வார்த்தை, "மார்பிள்."

டாக்டரம்மா மாடியிலிருந்து ஓடிவந்தாள். ஆறு பெட்டிகளைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். குனிந்து கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தினமும் இருபது பல்லை அப்படிப் பார்க்கிறவள்.

"இதுக்கு வேரே இல்லையே" என்றாள்.

மேனேஜருக்கு அது காதில் ஏறவில்லை. "நீங்க எட கட்டுனதாலதான் விழுந்துச்சு" என்றார் இஞ்சி அக்காவிடம். "சும்மா இருந்த கொக்கி."

நடுவெளிக்குக் கீழேதான் அந்த வீட்டுப் பெண்குழந்தைகள் இரண்டும் பள்ளிவிட்டு வந்து பையை எறிந்துவிட்டு உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவார்கள் என்பதை ஐந்து தடவையில் அவளே பார்த்திருக்கிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். மேனேஜர் குனிந்து, விரிசல் விட்ட கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மேனேஜர் அன்றே முதலாளியிடம் முறையிட்டார். முதலாளி அவளைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்குக் கவுண்டரிலேயே இருக்கச் சொன்னார். வீட்டில் அவள் கணவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "நீ சரியாத்தானே செஞ்ச" என்றார்.

"அதான் எரிச்சலே" என்றாள். "தப்பா செஞ்சு திட்டு வாங்குனா மனசு ஆறும்."

ஆனால் இரண்டு நாள் பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு வேறொன்று உறைத்தது. அதற்குப் பிறகு எரிச்சல் மற்றவர்கள் மேல் நிற்கவில்லை.

நான்காம் நாள் டாக்டரம்மா கடைக்கு வந்தாள். முதலாளி எழுந்து நின்றதைக் கவனிக்காமல் நேராகக் கவுண்டருக்குப் போனாள். கைக்குட்டையைப் பிரித்துக் கொக்கியை வைத்தாள்.

"அவரு தம்பி ஒத்துக்கிட்டாரு. தளம் போடும்போது கொக்கி வைக்க மறந்துட்டாராம். அப்புறமா துளை போட்டுச் சொருகிப் பூசிட்டாராம். ரெண்டு இஞ்ச் கூட உள்ள போகல."

இஞ்சி அக்கா டேப்பை எடுத்து அளந்தாள். "ஒண்ணே முக்கால்."

"நீங்க இல்லன்னா என் பிள்ளைங்க..."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா." இஞ்சி அக்கா டேப்பைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முடிவு பண்ணபடி சின்னது வந்திருந்தா நான் சோதிச்சிருக்க மாட்டேன். முப்பத்தாறு கிலோதானே, அதான் கொக்கி இருக்கேன்னு மாட்டியிருப்பேன். உங்க வீட்டுக்காரரு என்னை ஏமாத்துனதாலதான் கோவத்துல கட்டிப் பாத்தேன். அந்தச் சின்ன விளக்கு ஒரு மாசம் தாங்கியிருக்கும், இல்ல ரெண்டு மாசம். அப்புறம் வந்திருக்கும்."

டாக்டரம்மா கொக்கியை விரலால் நகர்த்தி ஓரமாக வைத்தாள்.

"எக்ஸ்ரே எடுக்காம நான் ஒரு பல்லப் பிடுங்கியிருக்கேன்" என்றாள். "நல்ல பல்லு. அந்த ஆளு முகம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது." கைக்குட்டையை மடித்துக்கொண்டு, "முப்பது இஞ்ச் விளக்கே அனுப்பச் சொல்லுங்க. நீங்களே வரணும்" என்றாள்.

இந்தத் தடவை மொட்டைமாடியிலிருந்து தளம் முழுக்கத் துளைத்து, மேலே ஓரடிச் சதுர இரும்புத் தகடு வைத்து, கம்பியை அதில் முடுக்கிக் கீழே இறக்கினார்கள். தம்பியே வந்து செய்தார். இஞ்சி அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருதடவைகூட நிமிரவில்லை. ஐந்து மூட்டை மணல் ஒரு முழு நாள் தொங்கியது. பொடி கூட உதிரவில்லை.

பிறகு பளிங்குச் சரங்களைக் கோக்கும் வேலை. இருநூற்று எண்பத்தாறு சரம். கைரேகை பதியாமலிருக்க எல்லோரும் துணிக் கையுறை போட்டுக்கொண்டார்கள். மேனேஜரும் கேட்காமலே ஓர் உறையை எடுத்து மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். மூன்றாம் அடுக்குச் சரத்தை நான்காம் அடுக்கில் கோத்தார். அவள் கழற்றினாள். மறுபடியும் அப்படியே கோத்தார். மறுபடியும் கழற்றினாள்.

"நீளமா இருக்கறது கீழ சார்."

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு."

"அர இஞ்ச் வித்தியாசம்."

அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். கோத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "அன்னிக்குச் சுத்திப் போகச் சொன்னீங்களே" என்றார். அவள் அடுத்த சரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

மாலையில், சுவரில் பொருத்திய ராட்டினத்தின் கைப்பிடியைச் சுழற்றி விளக்கை உயரே ஏற்றினார்கள். துடைக்கவேண்டும் என்றால் அதே கைப்பிடியால் இறக்கிக்கொள்ளலாம். சுவிட்சைப் போட்டதும் படிச்சுவர் முழுக்க வெளிச்சம் சின்னச் சின்னத் துண்டுகளாக ஏறியது. பெரிய பெண் கம்பிமேல் சாய்ந்து கையை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. டாக்டரம்மா கண் கூசுகிறது என்றாள். ஃபிட்டர் சுவிட்ச் பக்கத்துத் திருகைத் திருப்பி வெளிச்சத்தைக் குறைத்தார். மேனேஜர் வாசல்வரை போய், ஒரு விருந்தாளி போல உள்ளே நுழைந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "இன்னும் ஒரு ஆறு இஞ்ச் இருந்திருந்தா."

இஞ்சி அக்கா ஏணியை மடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவள் பழைய நோட்டுகளையெல்லாம் எடுத்து உட்கார்ந்தாள். ஏழு வருஷத்தில் பத்தொன்பது வீடுகளுக்குப் பக்கத்தில் "கொக்கி உண்டு" என்று மட்டும் எழுதியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. முதலாளியிடம் காட்டினாள்.

"நல்லாத் தொங்கிட்டிருக்கற விளக்க எதுக்கும்மா போய்க் கிளறணும்?" என்றார் அவர். "ஊரே நம்ம விளக்கு விழும்னு பேசும்."

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே போக ஆரம்பித்தாள். ஃபிட்டரும் கூட வந்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பஸ் ஓட்டுகிற கணவர் மணல் மூட்டைகளை ஏற்றி இறக்க ஒரு வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார், முணுமுணுத்துக்கொண்டே.

போகிற வீடுகளில் பாதிப்பேர் கதவைச் சங்கிலியோடு திறந்தார்கள். ஒருவர், "யாரோ கொக்கி பாக்க வந்திருக்காங்க" என்று உள்ளே சொல்லிவிட்டு இருபது நிமிஷம் வெளியே நிறுத்தினார். ஒரு அம்மாள், புது விளக்கு விற்கத்தான் இந்த நாடகம் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். இன்னொரு வீட்டில், "ஆறு வருஷமா விழல, இப்ப நீங்க வந்து விழ வைக்கப்போறீங்களா?" என்று கேட்டார்கள். இஞ்சி அக்கா ஒவ்வொரு வாசலிலும் அதே நான்கு வாக்கியத்தைச் சொன்னாள். நான்காவது வாக்கியம், "அப்ப நான் பாக்காம விட்டது என் தப்பு" என்பது. அதைக் கேட்டபிறகுதான் பெரும்பாலும் சங்கிலி கழன்றது.

பதினெட்டு வீடு முடிந்தது. பதினாறு கொக்கிகள் கல் மாதிரி நின்றன. இரண்டு, கையால் அசைத்தபோதே அசைந்தன. அதில் ஒன்று குழந்தைத் தொட்டிலுக்கு நேர் மேலே.

மிச்சமிருக்கிற ஒரு வீட்டுக்கு நான்கு தடவை போய்விட்டாள். கேட்டில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர், குடும்பம் எங்கோ போயிருக்கிறது, எப்போது வரும் என்று தெரியாது என்கிறார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், இருட்டான கூடத்தில் விளக்கு துணி போர்த்தியபடி தொங்குவது தெரிகிறது. கேட்டில் ஒரு சீட்டு எழுதிச் செருகியிருக்கிறாள்: கடையின் பெயர் இல்லை, தன் போன் நம்பரும், "விளக்குக்குக் கீழே யாரும் உட்கார வேண்டாம், வந்ததும் கூப்பிடுங்கள்" என்ற ஒரு வரியும். மழையில் இரண்டு தடவை அழிந்துவிட்டது. மூன்றாவதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கம்பியால் கட்டிவிட்டு வந்திருக்கிறாள்.